பரதநாட்டியக் கல்வியின் வரலாறு: அழைப்பிதழா, விமர்சனமா, பாடத்திட்டமா, பேட்டியா?

பரதநாட்டியத்தை யார் ஆடினார்கள், எந்த மேடையில் ஆடினார்கள் என்பது பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதை யார் யாருக்கு, எந்த வரிசையில், எவ்வளவு காலம் எடுத்துக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது பற்றி அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. சென்னையில் நடனப் பள்ளி இல்லாத பேட்டையே இல்லை என்று சொல்லும்படி கல்வி பரவியிருக்கிறது. அதன் வரலாறோ நாலைந்து பெரிய பெயர்களோடு நின்றுபோகிறது. இந்தக் குறையை நிரப்பப் பலர் முன்வருகிறார்கள்: முனைவர் பட்ட ஆய்வாளர்கள், பொன்விழா மலருக்காகத் தங்கள் பள்ளியின் கதையை எழுத விரும்பும் ஆசிரியர்கள், பாட்டியின் வாத்தியாரைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பும் பேத்திகள். எல்லோருக்கும் இருப்பது கொஞ்சம் காலமும் கொஞ்சம் பணமும்தான். எதை அடிப்படைச் சான்றாக வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது என்று முதலிலேயே முடிவுசெய்தாக வேண்டும்.

பொதுவாகக் கைவசம் இருக்கும் வழிகள் இவை: அச்சிட்ட நிகழ்ச்சி நிரல்களும் அரங்கேற்ற அழைப்பிதழ்களும், பத்திரிகை விமர்சனங்கள், பாடத்திட்டமும் தேர்வு ஆவணங்களும், ஆசிரியர் மாணவர் பேட்டிகள். இவற்றோடு மாணவிகளின் நோட்டுப் புத்தகங்களையும் சேர்க்கலாம். பெரும்பாலோர் பேட்டியில் தொடங்குகிறார்கள். நான் நிகழ்ச்சி நிரலை முதுகெலும்பாக வைக்கச் சொல்வேன், சில விலக்குகளோடு. அந்த விலக்குகள் சிறியவை அல்ல, அவற்றையும் சொல்கிறேன்.

ஒரு மடிப்பிதழில் என்ன இருக்கிறது

என்னிடம் உள்ள ஒரு அரங்கேற்ற மடிப்பிதழை எடுத்துக்கொள்கிறேன். முகப்பில் நடராஜர். உள்ளே இடது பக்கத்தில் பெற்றோர் அழைக்கும் வாசகம், மாலை ஆறு மணி, மயிலாப்பூரில் ஒரு மண்டபம், தலைமை தாங்குபவர், சிறப்பு விருந்தினர். வலது பக்கத்தில் உருப்படிகள்: அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், இரண்டு பதம், ஒரு கீர்த்தனம், தில்லானா. ஒவ்வொன்றுக்கும் ராகம், தாளம், சிலவற்றுக்கு மட்டும் இயற்றியவர் பெயர். அதன் கீழே நட்டுவாங்கம் (தாளம் தட்டி ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்துவது), பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல், ஒப்பனை. பின்பக்கம் ஒரு நகைக்கடையின் வாழ்த்து. அடியோரத்தில் மிகச் சிறிய எழுத்தில் அச்சகத்தின் பெயர். இரண்டாவது பதத்தின் மேல் யாரோ பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் வேறொரு பாட்டின் முதல் சொல்லை எழுதியிருக்கிறார்.

ஆங்கில ஆண்டு எங்கும் இல்லை. "துன்மதி ஆண்டு, ஆவணித் திங்கள்" என்று தமிழ் ஆண்டும் மாதமும், அதோடு தேதியும் கிழமையும் மட்டும் இருக்கின்றன. துன்மதி அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும். 1921-இல் வந்தது, 1981-இல் வந்தது. முகவரியில் "சென்னை 600 004" என்று ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருக்கிறது. அந்தக் குறியீட்டு முறை 1972 ஆகஸ்ட் 15-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே 1981 ஆகஸ்ட் அல்லது செப்டம்பர். கிழமையையும் தேதியையும் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் நாளே கிடைத்துவிடுகிறது. தொலைபேசி எண்ணின் இலக்கங்கள், ஆங்கிலத்தில் அச்சான பக்கமாக இருந்தால் 1996-க்கு முந்தைய 'மெட்ராஸ்' என்ற பெயர், 1969-க்கு முந்தைய 'சென்னை மாநிலம்' என்ற வழக்கு ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். ஆண்டு தெரியாத காகிதம் என்று ஒதுக்கிவைத்தவற்றில் பாதிக்கு மேல் இப்படி ஆண்டு கண்டுபிடித்துவிடலாம் என்பது என் அனுபவம்.

இந்த இதழ் நடனக் கல்வியைப் பற்றி என்ன சொல்கிறது? உருப்படிகளின் வரிசையே ஒரு பாடத்திட்டம். தஞ்சை நால்வர் என்று நாம் போற்றும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒழுங்குபடுத்திய மார்க்கம் என்ற இந்த உருப்படி வரிசைதான் கச்சேரியின் வரிசையாகவும் இருந்தது, கற்றுக்கொடுக்கும் வரிசையாகவும் இருந்தது. 1975-இல் தமிழ் இசைச் சங்க விழாவில் தலைமையுரை ஆற்றிய நடனக் கலைஞர் பாலசரஸ்வதி, இந்த வரிசையைக் கோயிலுக்குள் நுழைவதற்கு ஒப்பிட்டார்: அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம், சப்தம் மகா மண்டபம், வர்ணம் தெய்வத்தின் சந்நிதிச் சுற்று, பதம் கருவறை. ஒன்றைத் தாண்டித்தான் அடுத்ததற்குப் போக முடியும். அடவு என்னும் அடிப்படை அசைவுகளைப் பழகிய கால்கள் அலாரிப்பில் உடம்பைத் திறந்து, ஜதிஸ்வரத்தில் கோர்வைகளைக் கட்டி, சப்தத்தில் முதன்முதலாகச் சொல்லுக்கு அபிநயம் பிடித்து, வர்ணத்தில் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கின்றன. பாடம் சொல்லித்தருவதும் அப்படித்தான் நடக்கிறது.

அதனால் மடிப்பிதழில் வரிசை மாறும்போது வகுப்பறையிலும் ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள். அலாரிப்புக்கு முன்னால் வணக்க உருப்படிகளான புஷ்பாஞ்சலியும் கவுத்துவமும் எந்த ஆண்டு முதல் வந்து உட்காருகின்றன, காம்போஜியில் மட்டும் பாடப்பட்ட சப்தம் எப்போது ராகமாலிகையாகிறது, துள்ளலான காதல் பாட்டான ஜாவளி எந்தப் பள்ளியின் நிரலிலிருந்து மறைகிறது, அதன் இடத்தில் எந்தக் கீர்த்தனம் வருகிறது என்பனவற்றையெல்லாம் தொடர்ச்சியாக, ஆண்டோடு, காட்டக்கூடிய வேறு சான்று நம்மிடம் இல்லை. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி சிருங்காரப் (காதற்சுவைப்) பதங்களை விலக்கிப் பக்திப் பாடல்களுக்கு இடம் கொடுத்தார் என்பதும், பாலசரஸ்வதி சிருங்காரத்தையே உச்சமாகக் கொண்டார் என்பதும் எல்லோரும் அறிந்த செய்தி. அந்தக் கருத்து வேறுபாடு பன்னிரண்டு வயது மாணவியின் பாடத்தில் எப்படி இறங்கியது என்று கேட்டால், மேடைப் பேச்சுகள் பதில் சொல்லா. இரு வழிகளிலும் பயின்றவர்களின் அரங்கேற்ற நிரல்களை எதிரெதிரே விரித்து வைத்துப் பார்க்க வேண்டும்.

வர்ணம் ஒன்றைப் பின்தொடர்ந்து போவதும் பலன் தரும். பைரவியில் 'மோகமான என் மீதில்', ஆனந்தபைரவியில் 'ஸகியே இந்த வேளையில்' போன்ற நால்வர் மரபின் வர்ணங்கள் எல்லாப் பாணிகளிலும், அதாவது எல்லாக் குரு மரபுகளிலும், காணப்படும். கே.என். தண்டாயுதபாணி பிள்ளையின் நவராகமாலிகை வர்ணமோ அண்மைக் காலத்தது; அவர் 1974-இல் மறைந்தார். அவருடைய மாணவர் வழியல்லாத ஒரு பள்ளியின் நிரலில் அந்த வர்ணம் தலைகாட்டினால், யாரோ யாரிடமோ பாடம் வாங்கியிருக்கிறார்கள். பாணித் தூய்மை பற்றி நாம் பேசுவதற்கும் பாடங்கள் உண்மையில் கைமாறிய விதத்துக்கும் உள்ள இடைவெளி இப்படிப்பட்ட சிறு வரிகளில்தான் தெரியவருகிறது.

நட்டுவாங்கம் என்ற ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அதில் ஒரு நூலுக்கான செய்தி இருக்கிறது. 1931 மார்ச்சில் மியூசிக் அகாடமியில் ஆடிய ராஜலட்சுமியும் ஜீவரத்தினமும் 'கல்யாணியின் புதல்விகள்' என்றே அறியப்பட்டார்கள். தாயின் பெயர்தான் அடையாளம். பின்னால் நின்றவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவர்களுடைய ஆட்டத்தை 1933-இல் பார்த்த பிறகே ருக்மிணி தேவி இந்தக் கலையைக் கற்க முனைந்தார். 1935 டிசம்பர் 30 அன்று அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் மேடையேறினார். 1936-இல் பின்னாளில் கலாக்ஷேத்ராவாக வளர்ந்த நிறுவனம் பிறந்தது. 1940-களில் அங்கே கற்பித்துவந்த சொக்கலிங்கம் பிள்ளை விலகிய பிறகு, இசையையும் நடனத்தையும் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட இசை வேளாளர் மரபுக்கு வெளியே இருந்தவர்கள் அங்கே நட்டுவாங்கத்துக்குப் பயிற்சி பெற்றார்கள். வழுவூர் ராமையா பிள்ளையின் வழியில் வந்த கே.ஜே. சரஸா, ஆண்கள் மட்டுமே பிடித்த தாளத்தைக் கையில் எடுத்தார். கற்பிக்கும் உரிமை ஒரு சமூகத்திடமிருந்து இன்னொரு சமூகத்துக்கும், ஆண்களிடமிருந்து பெண்களுக்கும் நகர்ந்த கதை இது. நூல்களில் இது நாலைந்து பெயர்களின் கதையாக நிற்கிறது. நூறு மடிப்பிதழ்களில் நட்டுவாங்க வரியை மட்டும் படித்துக்கொண்டு போனால், சாதாரணப் பள்ளிகளில் அது எப்போது, எவ்வளவு வேகமாக நடந்தது என்று பார்க்கலாம். மாணவியின் பெயருக்கு முன்னால் வருவது தாயா, தந்தையா, குருவா, பள்ளியா என்பதையும் அதே பார்வையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் நிரல்களால் மட்டுமே சொல்ல முடியும்: அரங்கேற்றத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று? ஒரு காலத்தில் அரங்கேற்றம் தொழிலின் தொடக்கம். இன்று பல குடும்பங்களில் அதுதான் நடனப் படிப்பின் நிறைவு விழா. இந்த மாற்றத்தைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு. கணக்கு யாரிடமும் இல்லை. ஒரே ஆசிரியரிடம் அரங்கேறியவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு, பிறகு வந்த சபா மலர்களிலும் ஆண்டு விழா நிரல்களிலும் அந்தப் பெயர்கள் மறுபடி வருகின்றனவா என்று தேடுங்கள். எந்தப் பத்தாண்டில் அந்தத் தொடர்ச்சி அறுந்தது என்று தெரியும். திருமணத்துக்குப் பின் பெயரும் முதலெழுத்தும் மாறியிருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தொடர்ந்து ஆடிய பெண்களையும் காணாமற்போனவர்கள் கணக்கில் எழுதிவிடுவோம்.

நிரல் மறைப்பவை

இவ்வளவு சொன்ன பிறகு, நிரலை நம்பக் கூடாத இடங்களையும் சொல்ல வேண்டும். அச்சிட்டது திட்டம், ஆடியது வேறாக இருக்கலாம். என் மடிப்பிதழில் உள்ள பென்சில் கோடே அதற்குச் சாட்சி. இயற்றியவர் பெயர்களில் பிழை மலிந்திருக்கும். பதத்தைக் கீர்த்தனம் என்றும், கீர்த்தனத்தைப் பதம் என்றும் போட்டிருப்பார்கள். 'குரு' என்று பெரிய எழுத்தில் இருக்கும் பெயர், அந்தப் பெண்ணுக்கு நாள்தோறும் பாடம் எடுத்தவருடைய பெயராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெரிய பள்ளிகளில் அடவு முதல் சப்தம் வரை சொல்லித்தருவது மூத்த மாணவிகள்தாம். அவர்களுடைய பெயர் எங்கும் அச்சாவதில்லை. கிடைத்தாலும் நன்றியுரையில் ஒரு வரியாகக் கிடைக்கும்.

இதைவிடப் பெரிய குறை, அச்சிட வசதி உள்ளவர்களின் கல்வியை மட்டுமே நிரல் காட்டுவது. மண்டப வாடகை, பக்கவாத்தியம், பட்டு, ஒப்பனை, சாப்பாடு என்று அரங்கேற்றம் பெரும் செலவு. அந்தச் செலவைத் தாங்க முடியாமல், வர்ணம் வரை கற்றுவிட்டு நின்றுபோன மாணவிகள் எத்தனையோ பேர். நிரல்களை மட்டும் வைத்து எழுதினால் அவர்கள் கற்றதே இல்லை என்றாகிவிடும். பாதியில் விட்டவர்களும் கல்வியின் வரலாற்றில் அடக்கம். ஒரு பள்ளியில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தாமே.

இசை வேளாளர் குடும்பங்களின் நிலை இன்னும் கடினம். பாலசரஸ்வதி ஏழு வயதில், 1925-இல் காஞ்சிபுரத்தில் ஒரு கோயிலில் அரங்கேறினார். குரு கண்டப்பா பிள்ளை. இப்படிக் கோயிலிலும் வீட்டிலும் நடந்த சலங்கை பூஜைகளையும் முதல் ஆட்டங்களையும் அறிய நினைவும் குடும்ப வரலாறும்தான் வழி. 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன்பிருந்தே வளர்ந்த எதிர்ப்பில் பல குடும்பங்கள் தங்கள் மகள்களுக்கு இந்தக் கலையைச் சொல்லித்தருவதையே நிறுத்தின. நிறுத்தப்பட்ட கல்விக்கு நிகழ்ச்சி நிரல் கிடையாது. இந்தப் பகுதியை எழுதுகிறவர் நிரலை அடிப்படையாகக் கொள்ளவே கூடாது. அவருக்குப் பேட்டிதான் முதல் சான்று. அச்சுத்தாள் இல்லை என்பதற்காக அந்தக் கல்வியைக் குறைத்து எழுதுவது, அந்தக் குடும்பங்களுக்கு இரண்டாம் முறை செய்யும் அநீதி.

விமர்சனங்கள்

நிரலுக்குப் போட்டியாகப் பலர் பத்திரிகை விமர்சனத்தைச் சொல்வார்கள். கல்கி 1930-களில் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் எழுதியவை, பிற்காலத்தில் விமர்சகர் சுப்புடுவின் காரமான பத்திகள், 1983 முதல் வெளிவந்த 'ஸ்ருதி' என்ற இசை, நடன இதழ் ஆகியவை சுவையான வாசிப்பு. அச்சிட்ட திட்டம் மேடையில் என்ன ஆயிற்று என்று இவை சொல்லும். தாளம் தவறியதா, அபிநயம் எடுபட்டதா, கூட்டம் இருந்ததா என்பதை நிரல் ஒருநாளும் சொல்லாது. தேதியும் உறுதியாகக் கிடைக்கும்.

ஆனால் கல்வி என்ற கேள்விக்கு விமர்சனம் கொடுப்பது குறைவு. விமர்சகர் பெயர்பெற்றவர்களைப் பார்க்கப் போகிறார். மாணவர்களைப் பார்க்கப் போவது அபூர்வம். அரங்கேற்றங்களைப் பற்றி வரும் சிறு செய்திகளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நிருபர் கையில் கொடுக்கப்பட்ட நிகழ்ச்சி நிரலைப் பார்த்தே உருப்படிகளை எழுதிவிடுகிறார். பிறகு ஆய்வாளர் நிரலையும் செய்தியையும் பக்கத்தில் வைத்து, "இரு சான்றுகளும் ஒத்துப்போகின்றன" என்று எழுதினால், அவர் ஒரே சான்றை இரண்டு முறை எண்ணியிருக்கிறார். ஆகவே விமர்சனத்தைத் தனித்த அடிப்படையாகப் பரிந்துரைக்க மாட்டேன். நிரலில் சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் நூலகத்துக்குப் போய்த் தேடினால் போதும்.

பாடத்திட்டமும் தேர்வும்

பாடத்திட்டத்தின் பலம் தெளிவு. எந்த நிலையில் எந்த அடவு, எந்தத் தாளம், அபிநய தர்ப்பணம் என்ற வடமொழி நூலிலிருந்து எந்தச் சுலோகங்கள் என்று வரிசையாக இருக்கும். தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் துறை நடத்தும் நடனத் தேர்வுகளுக்கும், கல்லூரிப் பட்டங்களுக்கும் இது கிடைக்கிறது. அதன் பலவீனமும் அந்தத் தெளிவுதான்: நடக்க வேண்டியதை எழுதிவைப்பது பாடத்திட்டம். வகுப்பில் நடந்தது என்ன என்பதற்கு அது பொறுப்பேற்காது. சென்னையின் வீட்டுப் பள்ளிகள் பலவற்றில் எழுதிய பாடத்திட்டமே இருந்ததில்லை. வாத்தியார் தாளம் தட்டும் தட்டுக்கழியைத் தட்டுமனைப் பலகையில் வைத்த நொடியில் என்ன தோன்றியதோ அதுதான் அன்றைய பாடம்.

இந்த இடத்தில் என் முடிவு ஊருக்கு ஊர் மாறும். யாழ்ப்பாணத்தின் நடனக் கல்வியை ஆராய்கிறவர் பாடத்திட்டத்திலிருந்தே தொடங்கலாம். 1931-இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகத் தேர்வு நடத்தி, முடிவில் 'கலாவித்தகர்' பட்டம் வழங்குகிறது. நடனம் அங்கே பள்ளிப் பாடமாகவும் க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திரம்) தேர்வுப் பாடமாகவும் இருக்கிறது. தேர்வுதான் அங்கே கற்பித்தலை வழிநடத்தியிருக்கிறது. புலம்பெயர்ந்த தமிழர்களும் தரத் தேர்வுப் பழக்கத்தைக் கையோடு கொண்டுபோனார்கள். மேலும், போரிலும் இடப்பெயர்விலும் வீடுகளில் இருந்த காகிதங்கள் அழிந்துபோனதால், அறுபடாத நிரல் தொடரை அங்கே எதிர்பார்க்க முடியாது. எஞ்சியவை லண்டனிலும் டொராண்டோவிலும் உள்ள வீடுகளில் இருக்கலாம். விழா மலர்களும் நினைவு மலர்களும் ஓரளவு 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அங்கே பாடத்திட்டம் முதுகெலும்பாகவும் நிரல் துணையாகவும் இருப்பதே பொருத்தம்.

பேட்டியும் நோட்டுப் புத்தகமும்

எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்ற கேள்விக்குப் பேட்டியை விஞ்சியது எதுவும் இல்லை. காலையில் எத்தனை மணிக்கு வகுப்பு, மூன்றாம் காலத்தின் வேகம் வராதபோது வாத்தியார் என்ன செய்தார், பொருள் சொல்லி அபிநயம் கற்பித்தாரா, பார்த்துப் பிடித்துக்கொள் என்றாரா, காசு இல்லாத பிள்ளைக்கு எப்படிப் பாடம் நடந்தது என்பவையெல்லாம் எந்த அச்சுத்தாளிலும் ஏறாதவை. அவற்றைச் சொல்லக்கூடியவர்களுக்கு இன்று எண்பதும் தொண்ணூறும் வயது.

பேட்டியின் தொல்லை, நினைவு காலத்தைக் கலைத்துப்போடுவது. "அந்த நாளில் ஒரு வர்ணத்துக்கு ஒரு வருஷம்" என்று சொல்வார்கள். அது மரியாதையில் பிறந்த வார்த்தை. அதே மாணவி ஆண்டு விழாவில் முதல் முறை ஜதிஸ்வரம் ஆடிய நிரலும், அவரது அரங்கேற்ற நிரலும் கையில் இருந்தால், இடையில் ஓடிய காலம் எவ்வளவு, அதில் எத்தனை உருப்படிகள் கற்றிருக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துவிடலாம். பல சமயம் அந்தக் கணக்கு நினைவைப் பொய்யாக்காது, திருத்தும். வேகமாகக் கற்பித்தவை எவை, நின்று நிதானித்தவை எவை என்று பிரித்துக்காட்டும்.

நிரலைப் பேட்டிக்கு எடுத்துப்போவதில் இன்னொரு பயனும் உண்டு. வெறுங்கையோடு போய்க் கேட்டால், ஏற்கெனவே பலமுறை சொல்லித் தேய்ந்த கதைகளே வரும். பழைய மடிப்பிதழைக் கையில் கொடுத்தால் பக்கவாத்தியக்காரர் பெயரில் விரலை வைப்பார்கள். அவர் ஒத்திகைக்கு வர மறுத்தது, பதிலுக்கு யார் வாசித்தது, அதனால் தில்லானாவை ஏன் மாற்ற வேண்டியிருந்தது என்று பேச்சு வேறு தடத்தில் போகும். அச்சான பெயருக்குப் பின்னால் இருந்த உதவி ஆசிரியையின் பெயரும் அப்போதுதான் வெளியே வரும். நிரலின் மிகப் பெரிய ஓட்டையை அடைப்பது இந்த ஒரு பெயர்தான். அதைக் கேட்காமல் எந்தப் பேட்டியையும் முடிக்காதீர்கள்.

நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சுருக்கமாக: கிடைத்தால் பொக்கிஷம். சொல்லுக்கட்டு (தாளச் சொற்கோவை), அடவு வரிசை, கோட்டு உருவங்கள், அபிநயக் குறிப்பு என்று பாடம் அப்படியே அதில் இருக்கும். தேதி பெரும்பாலும் இருக்காது. கொடுக்க மனம் வராது, கொடுத்தாலும் வெளியிட அனுமதி வராது. வாத்தியாரின் ஜதிகள் அவருடைய சொத்து என்ற உணர்வு நியாயமானது. அதை நம்பித் திட்டம் போட முடியாது.

ஆக, எப்படிப் பிரித்துக்கொள்வது

ஓராண்டு கையில் இருக்கிறது, சென்னை அல்லது அதுபோன்ற ஒரு நகரம், 1940-க்குப் பிந்தைய காலம் என்றால் என் பரிந்துரை இது. நூறு பள்ளிகளின் நிரல்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதைவிட, ஒரே ஆசிரியர் அல்லது ஒரே பள்ளியின் நிரல்களை முடிந்தவரை இடைவெளி இல்லாமல் சேருங்கள். தனித்தனியே பார்த்தால் எல்லா மடிப்பிதழும் ஒன்று போலத்தான் இருக்கும். இருபது ஆண்டுகளை அடுக்கி வைத்தால்தான் வேறுபாடு கண்ணில் படும். அரங்கேற்ற அழைப்பிதழைவிடப் பள்ளியின் ஆண்டு விழா நிரலுக்கு முதலிடம் கொடுங்கள். அதில் இரண்டாம் ஆண்டு மாணவியர் அடவுகள், மூன்றாம் ஆண்டு அலாரிப்பு என்று வகுப்பு வாரியாகப் போட்டிருப்பார்கள். வசதியற்ற பிள்ளைகளின் பெயர்களும் குழு நடனத்தில் இருக்கும். அரங்கேற்ற நிரலில் விடுபட்டவர்களை ஓரளவு இங்கே மீட்கலாம். அழகாக இல்லை, தாள் மட்டம் என்று பலர் இவற்றைத்தான் முதலில் குப்பையில் போடுகிறார்கள். எனக்கு மனம் பதறுகிறது.

சபா மலர்கள் மூன்றாம் இடம். அங்கே கல்வியைவிட வாய்ப்பு தெரியும்: எந்த ஆசிரியரின் மாணவிகள் டிசம்பர் மேடைக்கு எட்டினார்கள் என்பது. மியூசிக் அகாடமி 1928-இல் தொடங்கப்பட்டது. அதன் இதழ்களையும் மலர்களையும் பார்க்கும்போது விளம்பரப் பக்கங்களைத் தாண்டிப் போகாதீர்கள். நடனப் பள்ளி, ஆடை, சலங்கை, ஒப்பனைப் பொருள் விளம்பரங்கள் கல்வியைச் சுற்றி வளர்ந்த தொழில்களைக் காட்டுகின்றன.

சிறப்பு விருந்தினர் வரியையும் அலட்சியம் செய்யாதீர்கள். 1960 மே மாதம் மயிலாப்பூர் ரசிக ரஞ்சனி சபாவில் ஜெயலலிதா அரங்கேறியபோது சிறப்பு விருந்தினராக வந்தவர் சிவாஜி கணேசன், சொல்லிக்கொடுத்தவர் கே.ஜே. சரஸா. நீதிபதியா, திரைக்கலைஞரா, அமைச்சரா, சங்கீத வித்வானா என்று பார்த்தால், அந்தக் குடும்பம் இந்தப் படிப்பை எந்த உலகத்துக்கான நுழைவாகக் கருதியது என்று புரியும்.

கால வரிசையில் மட்டும் ஒரு மாற்றம். நிரல் முதுகெலும்பு என்றாலும், உங்கள் ஆசிரியர் மூத்தவராக இருந்தால் பேட்டியை முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். கிடைத்த ஐந்தாறு மடிப்பிதழோடு போனாலும் போதும். நிரல்கள் சேரச் சேரத் திரும்பத் திரும்பப் போகலாம். தாள் இன்னும் பத்து ஆண்டு காத்திருக்கும்.

தேடும் இடங்கள் உண்டு. கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்தவற்றில் புத்தகங்களோடு நாடக நோட்டீசுகளும் அழைப்பிதழ்களும் இருந்தன. அந்தச் சேகரிப்பு 1994 முதல் சென்னையில் ஆய்வு நூலகமாக இயங்குகிறது. ஆனால் நடன மடிப்பிதழ்களின் பெரும் பகுதி இன்னும் வீடுகளில்தான் இருக்கிறது: பக்கவாத்தியக் கலைஞர்களின் பெட்டிகளில், ஒப்பனைக் கலைஞர்களின் பைகளில், மாணவிகளின் தாய்மார் பீரோவில். குறிப்பாக மிருதங்கக் கலைஞர்களைக் கேளுங்கள். ஒரே ஆசிரியருக்குப் பல ஆண்டு வாசித்தவரிடம் அந்தப் பள்ளியின் மொத்த வரலாறும் இருக்கக்கூடும், பள்ளியிடமே இல்லாதபோதும்.

கிடைத்ததை இரு பக்கமும் படமெடுங்கள், உறையையும் விடாதீர்கள். யாரிடமிருந்து வந்தது என்று அன்றே எழுதிவையுங்கள். பென்சில் குறிப்பை அழுக்கு என்று அழித்துவிடாதீர்கள். இவற்றில் பெயர் உள்ளவர்கள் அன்று குழந்தைகள்; வீட்டு முகவரியும் பெற்றோரின் வேலையும் அச்சாகியிருக்கும். வெளியிடும்போது அவற்றை மறையுங்கள். படமும் பெயரும் போட வேண்டுமானால் உரியவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இப்போதைய அரங்கேற்றங்களுக்கு அழைப்பிதழ் பெரும்பாலும் கைபேசியில் ஒரு படமாக வருகிறது. உருப்படிகள் அதில் இருப்பதில்லை. தொகுப்பாளர் மேடையில் சொல்லிவிடுகிறார். பள்ளி நடத்துகிறவர்கள் தயவுசெய்து ஒரே ஒரு தாளாவது அச்சிட்டுக் கோப்பில் வையுங்கள்: நாள், மாதம், ஆண்டு, உருப்படி, ராகம், தாளம், இயற்றியவர், நட்டுவாங்கம், பக்கவாத்தியம், அந்தப் பெண்ணுக்கு அடவு சொல்லிக்கொடுத்தவரின் பெயர்.